கந்தக பூமியின் கதை – 17: நம் ஊருக்கு வராமல் போன நோய்

விடிந்தும் விடியாத நேரத்தில் எம். புதுப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றன் பின் ஒன்றாக வேன் வரும். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "ஆபீஸுக்கு" என்பார்கள். வெளியூர்க்காரர் குழம்பிப்போவார். இங்கே ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட இடம் இல்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்.

சென்ற மாதம் அந்த நிறுத்தத்தில் ஒரு பாட்டி இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாட்டி, பல்வலியா?"

"பல்லு எங்கய்யா இருக்கு, வேருதான் கெடக்கு. பொகையிலைய அடக்கியிருக்கேன். மத்தியானத்துக்குள்ள அமந்துரும்."

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"காட்டுனா பிடுங்கணும்பாரு. பிடுங்குனா ரெண்டு நாளு சம்பளம் போயிரும்ல?"

முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர் அவர். இப்போது பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றப் போகிறார். வேன் வந்ததும் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே ஏறிப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கன்னம் மறக்கவில்லை. சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் முப்பது வருடம் தீப்பெட்டி வேலை பார்த்திருக்கிறார். 1870-இல் லண்டனிலோ வியன்னாவிலோ இப்படி ஒரு பெண் இருந்திருந்தால், தாங்கிப் பிடிக்கத் தாடையே மிஞ்சியிருக்காது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததையும், 1923-இல் சிவகாசியில் தொழில் பிறந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்குப் பின்னால் எண்பது வருடம் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் கற்றுவந்த தொழிலோடு ஒரு நோயும் கூட வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை. இதில் முயலும் பன்றியும் எலியும் வருகின்றன. அடையாற்றுப் பெண்மணிகள் இருவரும் வருகிறார்கள்.

* * *

இன்று நம் தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அங்கே இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும். பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில், உரசும் பட்டையில் இருக்கிறது. அதுவும் சிவப்புப் பாஸ்பரஸ், ஆவியாகாத சாது. 1830-களில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்த தீக்குச்சி வேறு மாதிரி. அதன் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருக்கும். சுவரில் உரசினாலும் செருப்பில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். வாங்குகிறவருக்கு அதைவிட வசதி இல்லை. மருந்து முக்குகிறவருக்குத்தான் எமன். முக்கும் அறையில் பூண்டு வாடையோடு புகை நிற்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பெண்களின் உடுப்பு இருட்டில் மினுங்கும்.

1845-இல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர், தீப்பெட்டித் தொழிலாளர்களிடம் மட்டும் ஒரு தாடை நோயைப் பார்த்து எழுதினார். முதலில் சாதாரணப் பல்வலிதான். பிறகு ஈறு வீங்கும், சீழ் பிடிக்கும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. குழி அப்படியே திறந்து கிடக்கும், உள்ளே செத்த எலும்பு தெரியும். சீழ் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாற்றம் தாங்காமல் வீட்டாரே பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சாவிலிருந்து தப்ப ஒரே வழி தாடையெலும்பை அறுத்தெடுப்பது. லண்டன் தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'பாஸி ஜா'. பாஸ்பரஸைச் சுருக்கிச் செல்லப் பெயராக்கிவிட்டார்கள். பயங்கரத்துக்குச் செல்லப் பெயர் வைக்கிற பழக்கம் நம் ஊரிலும் உண்டு.

அப்போதே மருத்துவர்களைக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது. ஒரே அறையில், ஒரே புகையில் பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவருக்கோ இருவருக்கோதான் தாடை அழுகுகிறது. மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? பாதிக்கப்பட்டவர்களின் வாயைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு சொத்தைப் பல் இருந்தது, அல்லது பல் பிடுங்கிய குழி இருந்தது. புகை உள்ளே போக அதுதான் வாசலா?

இதைச் சோதித்துப் பார்க்க நியூரம்பெர்க்கில் பிப்ரா என்ற வேதியியலாளரும் கைஸ்ட் என்ற மருத்துவரும் முயல்களைப் பாஸ்பரஸ் புகையில் அடைத்து வைத்தார்கள். அவர்களுடைய நூல் 1847-இல் வந்தது. வாய் நன்றாக இருந்த முயல்களின் தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாடையில் காயம் பட்டிருந்த முயல்களில்தான் எலும்பு கெட்டது. வாசல் எது என்று அந்த முயல்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. பல வருடம் கழித்துத் தொழிற்சாலைகளில் பல் மருத்துவர் வைக்க வேண்டும், சொத்தை இருப்பவரை முக்கும் அறைக்குள் விடக்கூடாது என்றெல்லாம் விதிகள் வந்ததற்கு அடிப்படை இந்த வாசல் கணக்குதான். முதலாளிகளுக்கு அது ஒரு சௌகரியமாகவும் போனது. 'எங்கள் புகையில் குற்றம் இல்லை, உன் பல்லில்தான் குற்றம்' என்று சொல்ல முடிந்ததல்லவா?

1872-இல் பெர்லினில் வெக்னர் என்பவர் அதே சோதனையை இன்னும் நுணுக்கமாகச் செய்தார். எலும்பு வெளித்தெரியும்படி காயம் உள்ள முயலைப் புகையில் வைத்தால் தாடை சாகும் என்பதை உறுதிப்படுத்தினார். கூடவே இன்னொன்றும் செய்தார். வளரும் பருவத்துக் குட்டி முயல்களுக்கும் கோழிகளுக்கும் கடுகளவுக்கும் குறைவான பாஸ்பரஸைத் தீனியில் கலந்து கொடுத்தார். எலும்பு கெடும் என்று எதிர்பார்த்திருப்பார். அது அதிகம் இறுகிவிட்டது. வளரும் முனையில் பஞ்சு போல இருக்க வேண்டிய எலும்பு கல் போலக் கெட்டியாக இருந்தது. பாஸ்பரஸை நிறுத்தினால் மறுபடி சாதாரண எலும்பு, கொடுத்தால் மறுபடி கெட்டி. கொடுத்துக் கொடுத்து நிறுத்தியபோது மரத்தின் வளையம் போல எலும்பில் வரி வரியாகப் பதிந்தது.

விஷம் என்று தேடப் போனவர் எலும்பு வளர்ச்சியை அளக்க ஒரு கோலோடு திரும்பினார். இதைக் கேள்விப்பட்ட வியன்னாக் குழந்தை மருத்துவர் கசோவிட்ஸ், 1880-களில் கால் வளைந்த குழந்தைகளுக்கு மீன் எண்ணெயில் துளிப் பாஸ்பரஸ் கலந்து கொடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச காலம் அது பெரிய மோஸ்தர். குழந்தைகளுக்குக் குணம் கண்டது மீன் எண்ணெயில் இருந்த வைட்டமின் டி-யால் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரைப் பாஸ்பரஸ் தட்டிக்கொண்டு போனது.

* * *

தாடை எப்படி வளர்கிறது என்ற கேள்வி இதைவிடப் பழையது. அதன் ஆரம்பத்தில் நம் சாயக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு பொருள் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

1736-இல் லண்டனில் ஜான் பெல்சியர் என்ற அறுவை மருத்துவர் ஒரு துணி அச்சடிப்பவர் வீட்டில் சாப்பிடப் போனார். பரிமாறிய பன்றி இறைச்சியில் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்தால், சாயப் பட்டறையில் மீந்த மேடர் வேர்ச் சாறு ஊறிய தவிட்டைத் தின்று வளர்ந்த பன்றி. மேடர் என்பது நம் மஞ்சிட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரிலும் அதே அலிசரின்தான் நிறம் கொடுப்பது. இந்தச் சாயம் சுண்ணச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, தின்றுகொண்டிருந்த நாட்களில் புதிதாக உண்டான எலும்பு மட்டும் சிவக்கும், பழைய எலும்பு வெள்ளையாகவே இருக்கும். நம் ஊர்த் துணிகளைப் பார்த்து லண்டன்காரன் சாயம் போடக் கற்றான். அந்தச் சாயத்தைத் தின்ற பன்றி எலும்பின் ரகசியத்தைச் சொன்னது.

ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஹன்டர் இதைப் பிடித்துக்கொண்டார். பன்றிக்கு மேடர் கொடுப்பார், பிறகு நிறுத்துவார், பிறகு அறுத்துத் தாடையைப் பார்ப்பார். கடைவாய்ப் பல் முளைக்க இடம் எப்படிக் கிடைக்கிறது? தாடை ரப்பர் போல இழுபட்டு நீள்கிறது என்றுதான் அதுவரை பலர் நினைத்தார்கள். ஹன்டர் சொன்னது வேறு. காதை நோக்கி மேலேறும் தாடைக் கிளையின் பின்பக்கம் எலும்பு ஏறுகிறது, முன்பக்கம் கரைகிறது. அப்படிக் கரைந்து கிடைக்கும் இடத்தில்தான் கடைவாய்ப் பல் வந்து உட்காருகிறது. நூறு வருடம் கழித்துக் கேம்பிரிட்ஜில் ஹம்ஃப்ரி என்பவர் பன்றிக் குட்டிகளின் தாடையில் கம்பி வளையம் மாட்டிப் பார்த்தார். முன்விளிம்பில் மாட்டியது தளர்ந்து போனது, பின்விளிம்பில் மாட்டியது எலும்புக்குள் புதைந்தது. ஹன்டர் சொன்னது சரி.

இதே ஹன்டர் மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு, அது ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்த மகானும்கூட. ஒட்டியது. அந்தச் சேவல் தலை லண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியின் ஹன்டர் அருங்காட்சியகச் சேகரிப்பைச் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, பணக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளின் பல்லை விலைக்கு வாங்கித் தங்கள் வாயில் நட்டுக்கொண்டார்கள். சேவலுக்குத் தெரிந்தது பணக்காரனுக்குத் தெரியவில்லை: அந்தப் பற்கள் நிலைக்கவில்லை.

தாடை வளர்வதைப் பன்றி காட்டியது. அறுத்தெடுத்த தாடை திரும்ப வளரும் என்று காட்டியது ஒரு தீப்பெட்டித் தொழிலாளி. 1856-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ஜேம்ஸ் உட் என்பவர், பாஸ்பரஸால் அழுகிய கீழ்த்தாடை முழுவதையும் ஒரு பெண்ணுக்கு எடுத்தார். பதினாறு வயதுப் பெண். எலும்பைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை மட்டும் கிழிக்காமல் பக்குவமாக விட்டுவைத்தார். அந்த உறைக்குள் புதுத் தாடை முளைத்தது. சில வருடம் கழித்து அந்தப் பெண் மூளையில் சீழ் கட்டி இறந்தாள். அவளுடைய மண்டையோடு புதுத் தாடையோடு மருத்துவர்களின் கண்காட்சிப் பொருளானது. அதே காலத்தில் பிரான்சில் ஒல்லியே, முயல்களில் அந்த எலும்புறையை எடுத்து வேறிடத்தில் நட்டால்கூட எலும்பு உண்டாவதைக் காட்டினார். இன்று விபத்தில் தாடை நொறுங்கியவருக்கு அறுவை செய்யும் மருத்துவர் எலும்புறையைக் கிழிக்கக் கை கூசுகிறார் என்றால் அதில் அந்த முயல்களுக்கும் பங்குண்டு, அந்தப் பதினாறு வயதுக்கும் பங்குண்டு. முயலைக் கேட்காமல் செய்தார்கள் என்று வருத்தப்படுகிறோம். அந்தப் பெண்ணையும் யாரும் கேட்டுவிட்டு முக்கும் அறைக்குள் அனுப்பவில்லை.

* * *

இனி லண்டன். 1888 ஜூன் 23. 'தி லிங்க்' என்ற சிறு பத்திரிகையில் ஒரு கட்டுரை வருகிறது. பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் பங்குதாரர்களுக்கு 23 சதவீத லாபப் பங்கு, வேலை பார்க்கும் சிறுமிக்கு வாரம் 4 ஷில்லிங் கூலி. காலில் அழுக்கு இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். எழுதியவர் அன்னி பெசன்ட். ஆம், நம் அடையாறு அன்னி பெசன்ட். அப்போது அவர் தியாசபியின் பக்கம் வரவில்லை. ஜூலை தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. அவர்கள் பெற்றவற்றில் ஒன்று, சாப்பிடத் தனி அறை. அதுவரை முக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ரொட்டியோடு பாஸ்பரஸும் உள்ளே போனது.

நான் பட்டாசு ஆபீஸ்களில் கவனித்தது உண்டு. அலுமினியப் பவுடர் ஒட்டிய கை வெள்ளி போல மின்ன, சோப்பில்லாத தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டுத் தூக்குவாளியைத் திறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் வென்றதே தவிர, வெள்ளைப் பாஸ்பரஸ் போகவில்லை. பத்து வருடம் கழித்து, 1898-இல், 17 தாடை நோயாளிகளைப் பற்றி அரசுக்குச் சொல்லாமல் மறைத்ததற்காக அதே நிறுவனம் நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது. இதில் ஆத்திரம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற்று வழி அப்போது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. சிவப்புப் பாஸ்பரஸை வியன்னாவில் ஷ்ரோட்டர் 1840-களிலேயே உண்டாக்கிவிட்டார், அதாவது லோரின்சர் நோயைக் கண்ட அதே ஊரில், அதே காலத்தில். ஸ்வீடனில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1855-லேயே பெட்டியின் பக்கத்தில் உரசும் பாதுகாப்புத் தீக்குச்சியைச் செய்துவிட்டார்கள். பின்லாந்து 1872-இல் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்தது. மற்றவர்கள் பல வருடம் இழுத்தடித்ததற்குக் காரணம் விலை. எங்கு உரசினாலும் எரியும் குச்சி மலிவு. 1898-இல் பிரான்சின் செவேன், காயேன் இருவரும் விஷமில்லாத ஒரு பாஸ்பரஸ் கந்தகக் கூட்டைக் கொண்டு, எங்கு உரசினாலும் எரியும் குச்சியையே செய்து காட்டினார்கள். அதன் பிறகு சாக்குச் சொல்ல வழியில்லை. 1906-இல் பெர்ன் நகரில் சர்வதேச உடன்படிக்கை. 1908-இல் பிரிட்டனில் சட்டம். 1913-இல் இந்தியாவில் 'வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம்', அந்த ஆண்டின் 5-ஆம் சட்டம்.

1913-ஐயும் 1923-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தே வருட இடைவெளி. சிவகாசியில் முதல் பெட்டி ஒட்டப்படுவதற்குப் பத்து வருடம் முன்பே வெள்ளைப் பாஸ்பரஸ் இங்கே சட்டவிரோதமாகிவிட்டது. கல்கத்தாவில் நம்மவர் இருவரும் கற்றது பாதுகாப்புத் தீக்குச்சியை. தொழில் ஐரோப்பாவில் போல 1840-களிலேயே இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாத்தூரிலும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தெருவுக்கு ஒரு தாடையில்லாத முகம் இருந்திருக்கும். புகையிலை அடக்கி வலி பொறுக்கும் ஊர்களில் அந்த நோய்க்கு வாசல் எல்லா வாயிலும் திறந்தே கிடந்தது.

தப்பித்தோம் என்று மார்தட்ட இதில் ஒன்றுமில்லை. இங்கே தீ வேறு வழியில் வசூலித்தது. குழந்தைகளின் கைகளை வசூலித்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சிவகாசியை முன்வைத்து நடந்த எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லும்வரை அந்த வசூல் பகிரங்கமாக நடந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் ஏறத்தாழ நாற்பது உயிர். அதற்குப் பிறகும் வெடித்த ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல நம் பகுதியில் யாருக்கும் காகிதம் தேவைப்படாது.

* * *

சொத்தைப் பல் ஏன் வாசலாகிறது என்பதை இன்னும் சொல்லவில்லை. அதற்கு விடை 1965-இல்தான் கிடைத்தது. சொன்னவை எலிகள்.

பல்லின் வெளிப்புறம் கல். உள்ளே ஒரு சின்ன அறை, அதில் ரத்தக் குழாயும் நரம்பும் கலந்த மென்சதை. மருத்துவர்கள் பற்கூழ் என்பார்கள். நாம் "சொத்தை நரம்பு வரைக்கும் போயிருச்சு" என்கிறோமே, அந்த 'நரம்பு' இதுதான். அந்த அறை திறந்துவிட்டால் பற்கூழ் செத்துவிடும், அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது என்பதுதான் நெடுங்காலம் பல் மருத்துவர்களின் நம்பிக்கை. சாவது அதன் பலவீனத்தாலா, உள்ளே நுழைகிற கிருமியாலா?

அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். 15 சாதாரண எலிகள். 21 எலிகள் பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் அண்டாமல் மூடிய தொட்டியில் வளர்ந்தவை. எல்லா எலிகளுக்கும் மேல்வாய்க் கடைப்பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்தார்கள். மருந்து வைக்கவில்லை, அடைக்கவில்லை. தீனித் துகள் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளில் எட்டாம் நாளே பற்கூழ் அழுகத் தொடங்கி, பிறகு வேர் முனையில் சீழ் கட்டியது. கிருமியில்லாத எலிகளில் இரண்டு வாரத்தில் திறந்த வாயின்மேல் புது டென்டின் பாலம் கட்ட ஆரம்பித்தது. நான்கு வாரத்தில் பாலம் முழுசாக மூடியது. குழி நிறைய உணவுக் குப்பை கிடந்தும் கட்டியது.

பற்கூழ் பலவீனம் இல்லை என்பது அன்று தெரிந்தது. கிருமி வராமல் பார்த்துக்கொண்டால் அது தானே தனக்குக் கதவு போட்டுக்கொள்ளும். கிருமி வந்துவிட்டால் செத்த பற்கூழ் தாடையெலும்புக்குள் திறந்த ஒரு சுரங்கம். 1847-இன் முயல்கள் காட்டிய வாசலுக்கு 1965-இன் எலிகள் வரைபடம் கொடுத்தன. இன்று பல் மருத்துவர் ரப்பர் திரை போட்டு எச்சில் படாமல் வேலை பார்ப்பதும், 'நரம்பு' தெரிந்த உடனே பிடுங்கிவிடாமல் மூடிப் பார்க்கலாம் என்று சொல்வதும் ஏன் என்பதற்குக் காரணம் காட்டியவை அந்த எலிகள்.

மூட என்ன மருந்து? நம் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதுதான். நீற்றிய சுண்ணாம்பு, வேதியியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மனியில் ஹெர்மன் 1920-இல் அதைப் பல்லுக்குள் வைக்கத் தொடங்கினார். (இதைப் படித்துவிட்டு யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொத்தைக்குள் திணிக்க வேண்டாம். அது சதையை வேகவைக்கும். மருத்துவர் வைப்பது கிருமி நீக்கிய தூய பொருள், அதுவும் அளவாக.) சுண்ணாம்பு பட்ட இடத்தில் பற்கூழின் மேல்தோல் லேசாகக் கருகும், அதற்கடியில் பாலம் எழும். பாலத்தில் இருக்கும் சுண்ணச் சத்து நாம் வைத்த சுண்ணாம்பிலிருந்து வந்ததுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜெருசலேமில் பிசாந்தியும் சியாகியும் 1960-களில் நாய்களின் பல்லில் கதிரியக்கக் கால்சியம் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். பாலத்துக்கு வந்த கால்சியம் வெளியிலிருந்து வைத்ததில்லை. நாயின் ரத்தத்திலிருந்து வந்தது. சுண்ணாம்பு மேஸ்திரி மாதிரி நின்று வேலை வாங்குகிறது, கல் சுமப்பது உடம்பு.

1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டாவில் தொராபினஜாத் கொண்டுவந்த எம்டிஏ என்ற பொருள் இன்னும் நன்றாக வேலை செய்தது. அதன் அடிப்படை என்ன தெரியுமா? போர்ட்லண்ட் சிமெண்ட். ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலையையும் ராமசாமி ராஜா நகரையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் சரக்கின் சுத்திகரித்த வடிவம் பல்லுக்கும் அஸ்திவாரம். மருத்துவர் அதற்கு வாங்கும் காசுக்கு நாம் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

* * *

முயல், பன்றி, எலி, நாய் என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, இவற்றின் கணக்கை யார் கேட்டார்கள்? இந்தியாவில் கேட்டவர் மதுரையில் பிறந்தவர். ருக்மிணி தேவி அருண்டேல்.

கலாக்ஷேத்திரா, பரதநாட்டியம் என்று மட்டுமே நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அன்னி பெசன்ட்டின் நிழலில் அடையாற்றில் வளர்ந்தவர். பெசன்ட் தியாசபிக்கு வந்த பின் உயிருள்ள விலங்குகள்மீது நடத்தும் சோதனையைக் கடுமையாக எதிர்த்தார். சீடருக்கும் அந்த மனம் இருந்தது. 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி, மறு வருடமே மிருகவதைத் தடுப்பு மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. முதல் தலைவர் அவரே.

அந்தச் சட்டம் சோதனையை முழுக்கத் தடை செய்யவில்லை. நோயைத் தீர்க்கவோ அறிவை வளர்க்கவோ செய்யலாம் என்றது. ஆனால் மயக்க மருந்து வேண்டும், புத்தகமும் மாதிரியும் போதும் என்றால் விலங்கைத் தொடக்கூடாது, சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடக்கூடாது என்று வரம்பு கட்டியது. கண்காணிக்க ஒரு குழுவுக்கும் அதிலேயே இடம் வைத்தது. இன்று நம் பல் மருத்துவக் கல்லூரி எதிலும் ஒரு மாணவர் எலியின் பல்லில் துளை போட வேண்டுமென்றால், நெறிமுறைக் குழுவுக்கு எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

தீப்பெட்டிச் சிறுமிகளுக்காக எழுதிய பெண்மணி முயல் சோதனையை எதிர்த்தார். சிறுமிகளைக் காப்பாற்றிய அறிவில் ஒரு பங்கு முயல்களிடமிருந்து வந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. 1847-இல் முயல்கள் வாசலைக் காட்டிய பிறகும் அறுபது வருடம் பிரிட்டனில் தடை வரவில்லை. அந்த அறுபது வருடமும் முக்கும் அறைகளில் நடந்ததும் சோதனைதான், மனிதர்கள்மீது. நெறிமுறைக் குழு எதுவும் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை.

* * *

பழைய நோய் என்று மூடிவைத்த கோப்பை 2003-இல் மியாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை மருத்துவர் மறுபடி திறந்தார். அவரிடம் வந்த 36 நோயாளிகளுக்குத் தாடை எலும்பு செத்து வெளியே தெரிந்தது. பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. லோரின்சர் எழுதியதை அச்சடித்தது போல இருந்தது. அவர்களில் யாரும் தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்தவர்கள் இல்லை. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் போடும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுத்தவர்கள். பெயரிலேயே பாஸ்பரஸ் இருக்கிறது. பாஸ்பரஸ் புகை அந்தக் காலத்தில் வாயின் ஈரத்திலும் புரதக் கூறுகளிலும் கலந்து இதே போன்ற ஒரு பொருளாகத்தான் மாறியிருக்கும் என்று மார்க்ஸ் பின்னர் வாதாடினார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. மறுபடி எலிகள் வந்தன. மருந்து மட்டும் கொடுத்த எலிகளின் தாடை பெரும்பாலும் தாங்கியது. மருந்தும் கொடுத்துப் பல்லையும் பிடுங்கிய எலிகளில், அதுவும் ஈறில் ஏற்கெனவே சீழ் இருந்தவற்றில், தாடை செத்தது. பிப்ராவும் கைஸ்டும் பார்த்த அதே வாசல்.

அந்த மருந்து தேவைப்படுபவர்களுக்கு அது வரம். பயந்து நிறுத்திவிடக்கூடாது. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஓர் ஊசியோ கொடுக்கிறார்கள் என்றால், அல்லது புற்றுநோய்க்கு மாதா மாதம் எலும்பு ஊசி போடுகிறார்கள் என்றால், முதல் ஊசிக்கு முன்பே பல்லைக் காட்டிச் சொத்தையைச் சரி செய்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், பல் பிடுங்கப் போகுமுன் அந்த மருந்துச் சீட்டைப் பல் மருத்துவரிடம் நீட்டுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த வாரம்: 1934-இல் தீப்பெட்டிக்கு விழுந்த கலால் வரியும், பெட்டிக்குப் பெட்டி ஒட்டிய முத்திரைப் பட்டையும்.